ஒற்றைப் பொட்டு வைத்த வன்தட்டு

அத்தியாயம் 4

பூட்டிய கதவை உள்ளிருந்து ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற அனைவருடைய காதிலும் அவ்வோசை விழுந்தது, ஒருவரும் அசையவில்லை. நான்கு வயதுப் பவதாரிணி மட்டும் சிவப்புப் பாசிமணி ஒன்றைத் தன் காதோரம் பிடித்தபடி, எதிரே இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஓசை கேட்டால் மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். அது அவளுக்கு இங்கே கற்பிக்கப்பட்ட விளையாட்டு. கதவு மீண்டும் அதிர்ந்தது. மணி விழவில்லை.

"உள்ள யாரு?" என்று கேட்டார் துளசிராம்.

"திருடன்," என்றான் மேலாளர் கார்த்திகேஷ்.

"திருடன் வெளிய இருந்துல்ல கதவைத் தட்டுவான்? உள்ள இருந்து தட்டுனா, பூட்டுன ஆளைத்தான சந்தேகப்படணும்?" என்றாள் பாண்டிமீனா.

திருநகரில் உள்ள மழலை செவித்திறன் மையத்தின் வரவேற்பறை அது. துளசிராம் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பொய்த் தீவிபத்துகளை அம்பலப்படுத்திவந்தவர்; இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவருடைய உதவியாளர் பாண்டிமீனா, விளாங்குடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் கற்பித்தவள். வாய்த்துடுக்கால் அந்த வேலையை இழந்து, அதே வாய்த்துடுக்கால் இந்த வேலையைப் பெற்றவள். இருவரையும் அழைத்துவந்தவள் பவதாரிணியின் தாய் தங்கப்பொண்ணு. டி. கல்லுப்பட்டியில் மருந்தாளுநராகப் பணிபுரியும் அவள், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடைத்துவைக்கப்பட்டிருந்தவன் அவளுடைய தம்பி சித்தார்த். அந்த மையத்தின் கருவிப் பொறியாளன்.

பிறவியிலேயே காது கேளாத பவதாரிணிக்குச் சென்ற ஆண்டு தீபாவளி கழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே ஒரு கருவி பதிக்கப்பட்டது. காதுக்குப் பின்னால் அணிய இன்னொன்று தரப்பட்டது. எந்த ஓசையை எந்த அளவில் அவளால் தாங்க முடியும் என்று ஒவ்வோர் அமர்விலும் சோதித்து, சிறுகச் சிறுக அளவுகள் குறிக்கப்பட்டன. அந்த அளவுகள் ஏற்றப்படாத கருவி காதில் மாட்டிய பொம்மையே அன்றி வேறில்லை. அணிந்திருந்த கருவி பழுதாகி, புதியதில் அளவுகளை ஏற்ற வேண்டிய இந்த நேரத்தில் அவற்றைக் காணவில்லை. அவளுடையவை மட்டுமல்ல, ஓராண்டாக இம்மையத்துக்கு வந்த எல்லாக் குழந்தைகளுடையவற்றையும் காணவில்லை.

"இதுல விசாரிக்க ஒண்ணுமில்ல சார்," என்றான் கார்த்திகேஷ். "வருஷம் பூரா எங்க சர்வர் அணையாது. ஆயுத பூசைக்கு மட்டும் அணைச்சு, பொட்டு வச்சு, ஓய்வு குடுப்போம். விஜயதசமி காலையில சுவிட்சைப் போட்டது சித்தார்த். போட்டதும் ஒரு வருஷப் பதிவு காணோம். எல்லாம் போன தீபாவளியோட நிக்குது. சரி, தினமும் பிரதி எடுக்கிறோமேன்னு அதைத் திறந்து பாத்தா, அத்தனை பிரதியும் அதே தீபாவளியோட நிக்குது. வெளியாளு இம்புட்டு நேர்த்தியா அழிப்பானா? போன வாரந்தான் லீவு இல்லன்னதுக்குச் சத்தம் போட்டான்."

"லீவு குடுக்காததுக்குச் சொந்த அக்கா மகளோட காதையே அழிச்சானா?" என்று தங்கப்பொண்ணு சீறினாள்.

கார்த்திகேஷ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவிட்சைப் போட்டவன் ஒருவன்; போட்ட பிறகு பதிவுகளைக் காணவில்லை; ஆகவே, போட்டவனே அழித்தவன்! முன்னால் நிகழ்ந்தது எதுவோ அதுவே பின்னால் நிகழ்ந்ததற்குக் காரணம் என்று முடிவுகட்டும் இந்த மூளைச்சோம்பலுக்கு ஒரு மனிதனைப் பூட்டிவைக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. சர்வரைச் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்துறதுக்கும் ஆள் வருது," என்றான் கார்த்திகேஷ்.

"சாட்சியைக் குளிப்பாட்டி வச்சுத்தான் போலீசை வரவேற்பீங்களோ?" என்றாள் பாண்டிமீனா.

"நாளைக்கு வர்ற பிள்ளைகளுக்கு யாரும்மா பதில் சொல்றது? போனது போனதுதான். புதுசா ஆரம்பிக்கணும்."

பிறகு அவன் துளசிராமின் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, இருவருக்கும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னான். துளசிராம் அதைக் கடைசிவரை கேட்டார். பின்னர் அறை முழுவதும் கேட்கும்படி தமிழில் விடையளித்தார்.

"நம்ம ஆளுகளுக்குள்ள முடிச்சுக்கலாம்னு சொல்றீங்க. மகளோட காதையே பறிகொடுத்துட்டு நிக்கிறது இந்தப் பொண்ணு. அதுக்கும் புரியுற மாதிரித் தமிழ்லயே பேசுங்க தம்பி."

கார்த்திகேஷின் முகம் கறுத்தது. துளசிராம் பூட்டிய கதவை நெருங்கினார்.

"சித்தார்த்! என் பேரு துளசிராம். உங்க அக்கா கூட்டியாந்தாங்க. சர்வர்ல என்ன செஞ்ச?"

"சுவிட்சு மட்டுந்தான் சார் போட்டேன். வேற எதையும் தொடல."

"இந்தக் கதவைத் திறக்கச் சொல்லட்டுமா?"

"அந்தக் கதவைத் திறக்கச் சொன்னா, நீங்க மூணு பேரும் வெளியதான் நிக்கணும்," என்று குறுக்கிட்டான் கார்த்திகேஷ்.

உள்ளிருந்து பதறிய குரல் வந்தது. "என்னையப் பத்தி விடுங்க சார். சர்வரை அழிக்க விட்றாதீங்க. ஒரே ஒரு தடவை உள்ள பாத்துக்கிறேன்னு கெஞ்சுனேன், கீபோர்டைத் தொட விடல. அழிச்சுட்டா, பாப்பாவுக்கு மறுபடி மொதல்ல இருந்து..."

அவ்வளவு நேரமாகக் கதவைத் தட்டியது அவன் தனக்காக அல்ல என்பது துளசிராமுக்கு விளங்கியது. கதவைத் திறக்கவைத்தால் ஒருவனைக் காப்பாற்றலாம். ஆனால், நான்கு மணிக்கு எல்லாமே அழிந்துவிடும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் மிகக் குறைவாகவே இருந்தது.

"தங்கப்பொண்ணு, பாப்பா போட்டிருந்த பழைய கருவி எங்கம்மா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

"ஆயுத பூசைக்கு வீட்டுல எல்லாத்தையும் கழுவுனோம் சார். அவங்க அப்பா வண்டியக் கழுவுனாரு. நான் மிக்சியத் தொடச்சேன். எல்லாரும் அவங்கவங்க சாமானைக் கழுவுறாங்கன்னு பாத்துட்டு, இவ தன்னோடதைக் கழட்டி வாளித் தண்ணிக்குள்ள போட்டுட்டா. கழுவி எடுத்து, அவளே பொட்டும் வச்சிருக்கா. திட்டக்கூட மனசு வரல."

விரல் நுனியளவுச் சந்தனமும் அதன் நடுவே கோணலான குங்குமமும் அக்கருவியின்மேல் காய்ந்திருந்தன.

"ஒரே ஒரு பொட்டு," என்றார் துளசிராம்.

"அதுக்கு இதுதான சார் மொதப் பூசை. போன வருஷப் பூசை அன்னைக்கு இது வீட்டுக்கே வரலையே."

துளசிராம் சட்டென்று நிமிர்ந்தார். "கார்த்திகேஷ், உங்க சர்வருக்குள்ள எத்தனை டிஸ்க் இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. வாங்குன நாள்ல இருந்து அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வெறும் கூடு."

"அதை நான் பாக்கணும்."

"பாருங்க. பாத்து என்ன ஆகப்போகுது?" என்றது வேறொரு குரல். மையத்தின் நிறுவனரும் செவித்திறன் நிபுணரும் கார்த்திகேஷின் அக்காவுமான சீதாலட்சுமி வாசலில் நின்றிருந்தார். அழுதழுது அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. தம்பி தடுக்க வாயெடுப்பதற்குள் அவரே சர்வர் அறையைத் திறந்துவிட்டார்.

இரும்பு அலமாரிக்குள் கரிய பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் சிறிய இழுப்பறைகளைப்போல, டிஸ்க் என்னும் வன்தட்டைச் செருகும் எட்டுக் கூடுகள் இரண்டு வரிசைகளாக அமைந்திருந்தன. எட்டிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"யாரும்மா பொட்டு வச்சது?"

"நான்தான். வருஷா வருஷம் என் கையாலதான் வைப்பேன். காலிக் கூடா இருந்தா என்ன? ஒண்ணு விடாம வைப்பேன்."

"பழைய பொட்டைத் தொடச்சுட்டா?"

"ஐயோ, சாமிக்கு வச்சதை நம்ம கையால அழிக்கலாமா? அது மேலயேதான் வைப்பேன்."

"மீனா, வெளிச்சம்."

பாண்டிமீனா கைப்பேசியின் விளக்கை அருகே காட்டினாள். மேல்வரிசையின் முதல் கூட்டில், வெடித்துப் பழுப்பேறிய பழைய சந்தனத்தின்மேல் மஞ்சள் மாறாத புதிய சந்தனம் அடைபோலத் தடித்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கீழ்வரிசையின் கடைசிக் கூட்டில் மட்டும் மெல்லிய, புதிய, ஒற்றைப் பொட்டு இருந்தது. அதன் அடியில் பளபளவென்று கறுப்புத் தகரம் தெரிந்தது.

"ஏண்ணே," என்று கார்த்திகேஷைப் பார்த்தாள் பாண்டிமீனா, "போன வருஷ ஆயுத பூசைக்கு இந்தக் கூடு மட்டும் எங்க போயிருந்துச்சு? மாமியா வீட்டுக்கா?"

துளசிராம் அந்தக் கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கு. காலிக் கூடு சூடாகாது தம்பி. இந்தக் கூடு, தனக்குள்ள ஒரு டிஸ்க்கோட, போன வருஷப் பூசைக்கு அப்புறம் இங்க வந்திருக்கு. யார் மாட்டுனது?"

தொலைவில் கதவு தட்டப்படும் ஓசை மட்டும் கேட்டது. கார்த்திகேஷ் சுவரோடு சாய்ந்தான்.

"நான்தான்."

"கார்த்தி!" என்றார் சீதாலட்சுமி.

"போன தீபாவளிக்கு அவன் ஊருக்குப் போயிருந்தான்க்கா. இடம் நெறஞ்சுபோச்சுன்னு திரையில எச்சரிக்கை வந்துச்சு. அவன் வாரதுக்குள்ள நானே சரிபண்ணிக் காட்டணும்னு, புது டிஸ்க் வாங்கி மாட்டி, இருந்ததை எல்லாம் அதுலயும் ஏத்தி, அதுல இருந்து ஓட விட்டேன். வருஷம் பூரா நல்லாத்தான் ஓடுச்சு. அவனைக் கேக்காம சர்வரைத் தொடாதன்னு நீ சொல்லியிருந்தியா, அதான் யாருகிட்டயும் சொல்லல. முந்தாநாள் காலையில பழைய பதிவு வந்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் மாட்டுன டிஸ்க் செத்துப்போச்சு. ஒரு வருஷமும் அதோட செத்துப்போச்சு. அது வெளிய தெரிஞ்சா..."

"தெரிஞ்சா? அதுக்கு என் தம்பியப் பூட்டுவியாடா?" தங்கப்பொண்ணு அவன்மேல் பாய்ந்தாள். பாண்டிமீனா அவளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரதிகளின் புதிரும் அத்தோடு அவிழ்ந்தது. பிரதி எடுக்கும் ஏற்பாட்டைச் சித்தார்த் அமைத்த காலத்தில் இருந்தது ஒரே வன்தட்டு. அந்த ஏற்பாடு ஓராண்டாக அந்தப் பழைய வன்தட்டையே, தீபாவளியோடு உறைந்துபோன அதே பதிவுகளையே, நாள் தவறாமல் மீண்டும் மீண்டும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. எவரும் எதையும் அழிக்கவில்லை. புதியதைப் பிரதி எடுக்க அதற்கு எவரும் சொல்லவே இல்லை.

உண்மை வெளிவந்துவிட்டது. அதனால் யாருக்கு என்ன பயன்? ஒரு குழந்தைக்கும் ஓர் அளவும் திரும்பி வரவில்லை. சீதாலட்சுமி அலமாரியைப் பற்றியபடி தரையில் அமர்ந்துவிட்டார். "எத்தனை பிள்ளைக! ஒவ்வொண்ணும் அம்மான்னு சொல்ல எம்புட்டு நாளாச்சு தெரியுமா?" தங்கப்பொண்ணுவின் கண்கள் வறண்டிருந்தன, அழுவதற்கும் அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பெட்டியை அழிக்க வரவேண்டிய ஆள் முன்னதாகவே வந்துவிட்டான்.

"அந்தப் புது டிஸ்க் செத்ததை யார் பாத்தது?" என்று கேட்டார் துளசிராம்.

கார்த்திகேஷ் விழித்தான். "அதான் பழைய பதிவு வந்துச்சே சார்!"

"அது பழைய டிஸ்க் உசுரோட இருக்குன்னுதான காட்டுது. புதுசு செத்ததா எங்க காட்டுச்சு? எத்தனையோ தீவிபத்துப் பாத்திருக்கேன் தம்பி. சாம்பலைப் பாக்காம, கடை எரிஞ்சுபோச்சுன்னு நான் எழுதினதே கிடையாது. நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல... பயமா இருந்துச்சு."

விடைத்தாளைத் திருத்தாமலே சுழியம் போட்டவன்! அச்சத்தால் கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று அறிவித்து, அந்த அறிவிப்பின்பேரில் இன்னொருவனைச் சிறைக்கு அனுப்பவும் துணிந்தவன்!

"சர்வரை எப்படி அந்தப் புது டிஸ்க்குல இருந்து ஓடவிட்டீங்க?" என்றாள் பாண்டிமீனா. அவளுடைய குரலில் கேலி இல்லை.

"ஆரம்பிக்கும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டுனா ஒரு பட்டியல் வரும். அதுல ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்."

"செட்டிங்ஸ்ல போய் அதை எழுதி வைக்கலையா?"

"எதுக்கு? அதான் ஒரு தடவை சொல்லியாச்சே. அதுவா ஞாபகம் வச்சுக்காதா?"

பாண்டிமீனா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இங்க பாருங்க," என்று துளசிராமிடம் கைப்பேசியை நீட்டினாள். "இவங்க பதிவெல்லாம் நேரா இந்தப் பொட்டியில ஓடல. பொட்டிக்குள்ள மென்பொருளால செஞ்ச மெய்நிகர் கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, அதுலதான் ஓடுது. வீட்டுக்குள்ள வாடகைக்குக் குடியிருக்கிறவரு மாதிரின்னு வச்சுக்கங்க. வீட்டுல கரண்ட் போனா, அவரும் படுத்துருவாரு. மறுபடி எந்த டிஸ்க்குல இருந்து எந்திரிக்கணும்னு ஓனர் எழுதி வைக்கணும். வைக்கலைன்னா, மொதல்ல மாட்டுன டிஸ்க்குல இருந்து எந்திரிப்பாரு. அதான் டீஃபால்ட். எஸ்கேப் தட்டித் தேர்ந்தெடுக்கிறது அந்த ஒரு தடவைக்கு மட்டுந்தான். இது திறந்தமூல மென்பொருள்ணே. செஞ்சவங்க எல்லாத்தையும் ஊருக்கே தொறந்து வச்சு, விளக்கமும் எழுதியிருக்காங்க. படிக்கத்தான் ஆளில்ல."

"அப்ப, வருஷம் பூரா படுக்காத மனுசனை ஆயுத பூசைக்குப் படுக்க வச்சாங்க. எந்திரிக்கும்போது..."

"பழைய பாயில எந்திரிச்சிருக்காரு. இவரு அவரைச் செத்துட்டாருன்னு ஒப்பாரி வச்சு, சுடுகாட்டுக்கு ஆளும் சொல்லியாச்சு."

சீதாலட்சுமி எழுந்துவிட்டார். "தட்டுங்க! அந்தப் பட்டனைத் தட்டுங்க!"

கார்த்திகேஷ் கடவுச்சொல்லைத் தந்தான். பாண்டிமீனாவே நாற்காலியில் அமர்ந்தாள். மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினாள். திரை ஒருகணம் மின்னியது. அவள் தட்டினாள். தாமதம்! பட்டியல் தோன்றவில்லை, பழைய தீபாவளிப் பதிவுகளே மீண்டும் வந்து நின்றன.

"போச்சா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"கண்ணச் சிமிட்டுற நேரந்தான்க்கா தருது. இன்னொரு தடவை."

மீண்டும் அணைத்தாள், மீண்டும் இயக்கினாள். இம்முறை திரை விழிப்பதற்கு முன்பிருந்தே மரங்கொத்தியைப்போலத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு வரிகள் தோன்றின. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். திரை இருண்டது. இருண்டே கிடந்தது. செத்ததென்று கார்த்திகேஷ் சொன்னது மெய்தானோ என்ற எண்ணம் துளசிராமையும் ஒருமுறை தொட்டது.

பிறகு எழுத்துகள் ஒவ்வொரு வரியாக ஓடத் தொடங்கின. பெயர்கள் விரிந்தன. கடைசிப் பதிவு, ஆயுத பூசைக்கு முந்தைய நாளுடையது. பட்டியலின் நடுவே ஓரிடத்தில் "பவதாரிணி" என்ற பெயரைக் கண்டதும் தங்கப்பொண்ணு திரையையே கையால் தொட்டாள்.

"வந்திருக்கிற ஆளை அப்படியே திருப்பி அனுப்புங்க," என்றார் துளசிராம். "மீனா, நாமளாவது எழுதி வைப்போம்."

"எழுதியாச்சுண்ணே. இனிமே ரெண்டாவதுல இருந்துதான் எந்திரிக்கும். பிரதியும் அதைத்தான் எடுக்கும்."

சீதாலட்சுமி புதிய கருவியில் குழந்தையின் அளவுகளை ஏற்றினார். வரவேற்பறைக்கு வந்து, பவதாரிணியின் காதுக்குப் பின்னால் அதை மாட்டினார். குழந்தை ஒருமுறை கண்களைக் கொட்டினாள். சோதித்துப் பார்க்க வேண்டும். சீதாலட்சுமி கிண்ணத்தை அருகே நகர்த்தி, சிறிய பறை ஒன்றைக் கையில் எடுத்தார்.

அவர் அதைத் தட்டுவதற்கு முன்பே, குழந்தை மணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள்.

"இன்னும் நான் சத்தமே குடுக்கலையே," என்றார் சீதாலட்சுமி. அவருடைய முகம் வெளுத்தது. "அளவு மாறிப்போச்சோ?"

குழந்தை அடுத்த மணியை எடுத்துக் காதோரம் வைத்துக் காத்திருந்தாள். பின்னர் அதையும் போட்டாள். தங்கப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். நம்பிக்கை வந்த வழியே திரும்பிப் போவதுபோல் இருந்தது.

பாண்டிமீனாதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

பூட்டிய கதவு தட்டப்பட்டது. தளர்ந்துபோன கையின் மெலிந்த ஓசை. மூன்றாவது மணி கிண்ணத்தில் விழுந்தது.

காலையிலிருந்து அவ்வோசையைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துளசிராம் கார்த்திகேஷின் முன்னால் உள்ளங்கையை விரித்தார். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. அதை வாங்கித் தங்கப்பொண்ணுவிடம் கொடுத்தார்.

அவள் கதவருகே போனாள். பவதாரிணி இன்னொரு மணியை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டாள். பூட்டுக்குள் சாவி திரும்பிய அந்தச் சின்னஞ்சிறு ஓசைக்கும் ஒரு மணி விழுந்தது.